ஒடிக்காத முனை

"சத்தமா வாசி" என்கிறாள் வெர்னா கோவாச்.

தபால்காரர் லோனி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அவளுடைய கரேஜ் நடுவில் நின்று, தன்னுடைய கல்லறைக் கல்லை வாசிக்கிறார். "லோனி பெட்ரிக். தப்பான விலாசத்துக்கு வந்துட்டேன்னு நினைக்கிறேன்." ஒரு நொடி விழிக்கிறார். பிறகு தொப்பை குலுங்கச் சிரிக்கிறார். அவர் சிரித்து முடிப்பதற்குள் வெர்னா கத்தியின் முனையை இடுக்கியால் பிடித்து ஒரு மடக்கு மடக்குகிறாள். டக். ஒடிந்த பிளேடு துண்டு காபி டப்பாவுக்குள் விழுகிறது.

"முடிஞ்சது. கிளம்பு. போற வழியில எதையும் தட்டி விட்டுடாதே."

கல் என்று பெயர்தானே தவிர, அது ஃபோம். வீட்டுச் சுவருக்குள் குளிர் ஏறாமல் வைத்து அடைப்பார்களே, அந்த இளஞ்சிவப்புப் பலகை. ஒஹையோ நதி வளைகிற இடத்தில் இருக்கும் ஓட்டர் பெண்ட் ஊரில், தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற புல்வெளியில், அக்டோபர் கடைசியில் வருகிற ஹாலோவீன் பேய்ப் பண்டிகை ஒவ்வொன்றுக்கும் ஒரு பொய்க் கல்லறைத் தோட்டம் முளைக்கும். அதில் இருக்கும் எல்லாக் கல்லும் ஊரில் உயிரோடு நடமாடுகிறவர்களுடையது. அவரவர் குணத்தைக் கிண்டலடித்து ஒரு வரி. தனக்குக் கல் வைக்கவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. கல் வைத்ததற்காகக் கோபித்துக்கொண்டவர் இதுவரை இல்லை. ஆள் இறந்துவிட்டால் கல் அன்றைக்கே களத்தை விட்டுப் போய்விட வேண்டும். அது குடும்பத்தின் சொத்து. ஒரு குடும்பம் அதை நாய்க்கூண்டின் பின்சுவராக வைத்தது. அந்த நாய் குளிர்காலம் முழுக்க வெதுவெதுப்பாகத் தூங்கியது.

இந்தக் கல் அத்தனையையும் பத்தொன்பது வருடமாகச் செதுக்குகிறவள் வெர்னா. அறுபத்திரண்டு வயது. குட்டை, அகலம், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை. பகலில் மளிகைக் கடையின் இறைச்சிப் பிரிவில் ஹாமும் சீஸும் அறுத்துக் கொடுக்கிறாள். கத்தியோடுதான் பிழைப்பு என்பதால் கத்தி விஷயத்தில் யார் என்ன உளறினாலும் அவளுக்குப் பொறுக்காது. பொதுவாகவே அவளுக்குப் பொறுக்காது. சலாமியை மெல்லிசாக வேண்டும் என்று கேட்டுவிட்டு, அறுத்த பிறகு இன்னும் மெல்லிசாக வேண்டும் என்று சொன்ன ஒருவருக்கு, "அப்ப படம்தான் எடுத்துத் தரணும்" என்று பதில் சொன்னவள்.

செப்டம்பர் பிறந்தால் கரேஜ் வாசலில் ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். தன் வீட்டு வாசலுக்கு ஒரு மண்டை ஓடு செதுக்க வேண்டும், ஒரு பேய் மரம் செய்ய வேண்டும், என்ன கருவி வாங்கலாம் என்று யோசனை கேட்பார்கள். யோசனைக்கு முன்னால் திட்டு கிடைக்கும். "முதல்ல உன் அடுக்களையைத் திறந்து பாரு. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு வான்கோழி அறுக்கிற மின்கத்தி இருக்கா? வருஷத்துல முன்னூத்தி அறுபத்தி நாலு நாள் தூங்குதில்ல, அதை எழுப்பு. முரட்டு வேலைக்கு அதை விட்டா வேற இல்ல. கடைக்குப் போய் கலர் கலரா டப்பாவைப் பாத்து ஏமாறாதே."

சூட்டுக் கம்பி வேண்டுமா என்று கேட்டால், கரேஜில் எத்தனை ஜன்னல் என்று திருப்பிக் கேட்பாள். மின்சாரத்தில் சூடேறிய கம்பி ஃபோமை வெண்ணெய் போல அறுக்கும். ஆனால் அந்தப் புகையைக் குடித்தால் தலைவலி இரண்டு நாளைக்கு நிற்காது. ஜன்னல் ஒன்றுதான் என்றால் அவள் ஆளை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவாள். இரண்டு பலகையை ஒட்டிவிட்டு அதற்கப்புறம் சூட்டுக் கம்பியை ஓட்டப் பார்க்கிற புத்திசாலிகளும் வருவார்கள். பசை இருக்கிற இடத்தில் கம்பி நின்றுவிடும்; பிடித்து இழுத்தால் அறுந்துவிடும். "அறுத்துட்டு ஒட்டு. ஒட்டிட்டு அறுக்காதே. இதை நான் நெத்தியில பச்சை குத்திக்கணுமா?" மேடுபள்ளத்துக்கு அரம். பாசி பிடித்த பழைய கல் மாதிரித் தெரியக் கம்பி பிரஷ். எழுத்துக்கு மட்டும், மழுங்கிய முனையை ஒடித்துவிட்டு அடுத்ததை வெளியே தள்ளுகிற பிளேடு கத்தி, அதிலும் புது முனை. மழுங்கிய முனை ஃபோமை அறுக்காது, பிய்க்கும். பிய்ந்த எழுத்தைக் கண்டால் அவளுக்கு வாய் கோணிக்கொள்ளும்.

கடைசியாக, வாசல் தாண்டுகிறவரின் முதுகைப் பார்த்து ஒரு வார்த்தை. "ஸ்பிரே பெயிண்டை நேரா அடிக்காதே. கரைஞ்சு போயிடும். முதல்ல சுவர்ப் பெயிண்ட் ரெண்டு கை." கேட்டவர்களில் பாதிப் பேர் நேராகத்தான் அடிப்பார்கள். மறுநாள் மூக்கு கரைந்த மண்டை ஓட்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவற்றை வாங்கி மேல் அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறாள். ஒவ்வொன்றின் கீழும் கரைத்தவர் பெயர் இருக்கிறது. தீயணைப்பு நிலையத்தின் கேப்டன் கிரெய்க் டன்லெவியின் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது.

முனை ஒடிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கல்லுக்கு ஒரு முனை. கல் முடிந்ததும் அதற்குரியவரை வரச்சொல்வாள். அவர் சத்தமாக வாசித்துச் சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் வேலை முடிந்தது, முனை ஒடியும். சிரிக்காவிட்டால் வரியை மாற்றிச் செதுக்குவாள். பத்தொன்பது வருடத்தில் டப்பா முக்கால்வாசி நிறைந்திருக்கிறது.

இந்த வருடம் பெஞ்சின் ஓரத்தில் மஞ்சள் கைப்பிடி போட்ட ஒரு கத்தி, முனை ஒடியாமல் தனியாகக் கிடந்தது. அதை யாரும் தொடக் கூடாது. அது டெல்மர் பிக்ஸுக்குக் கல் செதுக்கிய கத்தி.

டெல்மர் முப்பது வருடமாகத் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவர். எந்தத் தீக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. மற்றவர்கள் குழாயைச் சுருட்டும்போது வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி, "ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று கேட்பார். கோபப்பட முடியாத ஆள். ஆகஸ்டில் வெர்னா அவருக்குச் செதுக்கிய வரி: "இங்கேயும் லேட்டாத்தான் வந்தேன்." கல் தயார், வந்து வாசித்துவிட்டுப் போ என்று சொல்லியனுப்பினாள். நாளைக்கு வருகிறேன் என்றார். அடுத்த வாரம் என்றார். செப்டம்பரில் வருகிற தொழிலாளர் தினம் போகட்டும் என்றார். தொழிலாளர் தினம் போய் நாலாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அடுக்களையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

தீயணைப்பு நிலையத்து ஆட்கள் ஆறு நிமிடத்தில் வந்துவிட்டார்கள். கிரெய்க்தான் மண்டியிட்டு நெஞ்சை அழுத்தியவன். ஆனால் ஆம்புலன்ஸ் இல்லை. ஊரிலேயே நின்றிருந்த ஆம்புலன்ஸைக் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, தேர்தலில் ஜெயித்து வந்த கமிஷனர் கர்ட் ஹாலிஸ்டர் ஏப்ரல் மாதம் வேறு ஊரோடு சேர்த்துவிட்டார். சேர்ப்பதால் சேவை இன்னும் பலப்படும் என்று மேடையில் சொன்னார். பலப்பட்ட ஆம்புலன்ஸ் இரண்டு மலை தாண்டி, நதியைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, கிரெய்க் இன்னும் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தான். டெல்மரின் கைகள் எப்போதோ சில்லிட்டிருந்தன.

அன்றிலிருந்து வெர்னாவின் கோபத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. அதற்கு முன்பெல்லாம் அது ஊரில் எல்லார் வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருந்தது.

கல்லறைத் தோட்டத்தின் திறப்பு விழாவுக்கு ஐந்து நாள் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை, அவள் களத்துக்குப் போனாள். கிரெய்க் முந்தின நாளே தன் வண்டியில் கல்லையெல்லாம் ஏற்றிக்கொண்டு போயிருந்தான். நுழைவாயிலுக்கு ஒட்டுப்பலகையில் பெரிய வளைவு கட்டியிருந்தார்கள். அதன் காலில், எல்லார் கண்ணிலும் முதலில் படுகிற உயரத்தில், டெல்மரின் கல். கரேஜ் மூலையில் அவள் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்த கல்.

"எவன்டா இதை இங்க வச்சது?"

கிரெய்க் ஏணியிலிருந்து இறங்கினான். "நான்தான். வாசல்லயே அவர் நிக்கட்டுமேன்னு நினைச்சேன். மரியாதையா இருக்கும்னுதான்."

"செத்தவங்க கல்லு களத்துல நிக்காது. இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும் வெர்னா. ஆனா டெல்மர் இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பார்."

"அவன் சிரிப்பான். வெள்ளிக்கிழமை அவன் பொண்டாட்டி ஜோலீன் இந்த வாசல் வழியாத்தானே வரணும்? அவளும் சிரிப்பாளா? லேட்டா வந்தேன்னு எழுதியிருக்கு. அன்னிக்கு யாருடா லேட்டா வந்தாங்க? டெல்மரா?"

அந்த அடுக்களைத் தரையில் மண்டியிட்டவனிடம் அதைக் கேட்டிருக்கக் கூடாது என்று வெர்னாவுக்கு உடனே உறைத்தது. ஆனாலும் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"கழட்டு அதை" என்றாள்.

"கழட்ட வராது. ஒரு முழு டியூப் பசை போட்டுட்டேன்."

அவள் கண்ணை மூடித் திறந்தாள். சூட்டுக் கம்பி பசையில் நின்றுவிடும். மின்கத்திக்கு நீளம் போதாது. பாதி வழியில் கல்லை உடைத்துவிடும். நெம்பினால் கேட்கவே வேண்டாம். ஒரு நிமிடம் கல்லைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு காருக்குப் போய் சீஸ் அறுக்கிற கம்பியை எடுத்து வந்தாள். இரண்டு முனையிலும் மரக் கைப்பிடி வைத்த மெல்லிய எஃகுக் கம்பி. பெரிய சீஸ் பாளத்தை இரண்டு பேர் எதிரெதிரே நின்று அறுப்பது. சூடும் கிடையாது, புகையும் கிடையாது.

"அந்தப் பக்கம் பிடி. பசைக்கு ஒரு விரல் இந்தப் பக்கமா ஓட்டு. நீ இழுக்கும்போது நான் விடுவேன், நான் இழுக்கும்போது நீ விடு. அவசரப்பட்டே, உன் மண்டை ஓடு மாதிரி இவனையும் கெடுத்துடுவே."

இருவரும் மாறி மாறி இழுத்து அறுத்தார்கள். இளஞ்சிவப்புத் தூள் புல்லில் கொட்டியது. பாதி இறங்கியதும் கிரெய்க் நிமிராமலே சொன்னான். "கர்ட் ஹாலிஸ்டர் போன் பண்ணினார். வழக்கம்போல ரிப்பன் வெட்ட வர்றாராம். இந்த வருஷம் அவர் பேர்லயும் ஒரு கல் வேணுமாம். தேர்தல் வருதில்ல. கோல்ஃப் பத்தி ஏதாவது எழுதச் சொன்னார்."

வெர்னா கம்பியை நிறுத்தவில்லை. "அவருக்குக் கல்லு வேணுமாமா?"

"வெர்னா, வேண்டாம். அந்த ஆளுகிட்ட நல்லபடியாக் கேட்டுத்தான் ஆம்புலன்ஸைத் திருப்பி வாங்கணும்."

"ஆறு மாசமா நல்லபடியாத்தான் கேட்டோம். நடுவுல ஒரு ஆள் போயிட்டான். இழு."

டெல்மரின் மனைவி ஜோலீன் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வெர்னாவுக்கு நாற்பது வருட சிநேகிதி. மறுநாள் சாயங்காலம் பேருந்தை நிறுத்திவிட்டு நேராகக் கரேஜுக்கு வந்தாள். வெர்னா மறைக்கவில்லை, கல்லை மூடியிருந்த சாக்கை எடுத்தாள். ஜோலீன் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே, யாரும் கேட்காமலே, சத்தமாக வாசித்தாள்.

"டெல்மர் பிக்ஸ். இங்கேயும் லேட்டாத்தான் வந்தேன்." வெர்னா பக்கம் திரும்பினாள். "எப்ப எழுதினே?"

"ஆகஸ்ட்ல. வாசிக்க வாடான்னு மூணு தடவை சொல்லி அனுப்பினேன்." வெர்னா சாக்கைச் சுருட்டிக் கீழே போட்டாள். "எனக்கு வெக்கமா இருக்குடி. இந்தக் கையை வெட்டிப் போடலாமான்னு இருக்கு."

"அந்தக் கை வேணும். வச்சுக்கோ." ஜோலீன் எழுத்துகளை விரலால் தடவினாள். "நல்லாத்தான் இருக்கு. அவரேதான்." பிறகு, சமையல் குறிப்பு சொல்வது போலச் சொன்னாள். "நான் அடுப்புக் கடிகாரத்தையேதான் பாத்துட்டிருந்தேன். கிரெய்க்கைப் பாக்க முடியலை. ரெண்டு அஞ்சுக்குப் போன் பண்ணினேன். வண்டி வந்து நிக்கும்போது ரெண்டு நாப்பத்தாறு. நாப்பத்தொரு நிமிஷம். இப்ப அந்த அடுப்பை மாத்திடலாமான்னு இருக்கு."

ஹாலிஸ்டர் கேட்ட கல்லைப் பற்றி வெர்னா அப்போதுதான் சொன்னாள். ஜோலீன் கைப்பையை இறக்கி வைத்தாள்.

"புதுப் பலகை வாங்காதே" என்றாள். "இதுலயே செய்."

பலகை இரண்டு அடுக்கு ஒட்டியது, நல்ல பருமன். வெர்னா கல்லைப் படுக்கப் போட்டு, இரண்டு ஓரத்திலும் சம உயரத்துக்கு மரச்சட்டம் வைத்தாள். கம்பி சட்டத்தின் மேலேயே ஓடினால் மேல்முகம் மட்டும் ஒரு கட்டைவிரல் கனத்துக்குத் தனியாக வந்துவிடும். பசை போட்ட இடம் அதற்கும் கீழே, அது வரை போகத் தேவையில்லை. ஒரு கைப்பிடியை ஜோலீன் பிடித்தாள். பேருந்து ஓட்டிய தோள், பதறாமல் இழுத்தது. கால் மணி நேரத்தில் டெல்மரின் பெயரும் வரியும் ஒரு தகடாகப் பெயர்ந்து வந்தன. ஜோலீன் அதைத் தன் கோட்டில் சுற்றி, பேருந்தின் முன் இருக்கையில் படுக்க வைத்து, பெல்ட் போட்டு எடுத்துப் போனாள்.

மிச்சமிருந்த வெற்றுக் கல்லில் வெர்னா அன்றைக்கே எழுதினாள். தீட்டிய கத்தி பக்கத்திலேயே இருந்தது. புது பிளேடு பாக்கெட்டும் இருந்தது. அவள் எடுத்தது மஞ்சள் கைப்பிடிக் கத்தி. டெல்மருக்கு உழைத்த அதே முனை, ஒடியாத, மழுங்கிய முனை. அது ஃபோமைப் பிய்த்தது. எழுத்தின் ஓரமெல்லாம் பல்லுப் பல்லாக நின்றது. தொழில் தெரிந்த யார் பார்த்தாலும் வெர்னா செய்ததா இது என்று கேட்பார்கள். அவள் அரம்கூடப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊரே புல்வெளியில் கூடிவிட்டது. ஆப்பிள் சாறு கொதிக்கிற வாசனை. பேய் வேஷமும் சூனியக்காரி வேஷமும் கட்டின பிள்ளைகள் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் அவரவர் நின்று போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். லோனி தன் கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசலுக்கு நேர் எதிரே ஒரு கல் மட்டும் படுக்கை விரிப்பால் மூடியிருந்தது. கரேஜுக்கு வந்து வாசிக்க நேரமில்லாத விருந்தாளியின் கல்.

கர்ட் ஹாலிஸ்டர் நல்ல கோட்டு போட்டு, நல்ல பல்லோடு வந்தார். ரிப்பன் வெட்டினார். எல்லோருக்கும் கை கொடுத்தார். "எங்கே, என் கல்லறை எங்கே?" என்று கேட்டு, சிரித்துக்கொண்டே விரிப்பைப் பிடித்தார்.

"சத்தமா வாசிங்க" என்றாள் வெர்னா.

"கர்ட் ஹாலிஸ்டர்." சிரிப்பு இன்னும் இருந்தது. "நாற்பத்தொரு நிமிடம்." சுற்றிலும் பார்த்தார். "இது என்ன, என் கோல்ஃப் கணக்கா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆப்பிள் சாற்றுக் கோப்பையைக் கையில் பிடித்தபடி ஜோலீன் முன்னால் வந்தாள்.

"நீங்க மாத்தி விட்ட ஆம்புலன்ஸ் என் வீட்டுக்கு வர எடுத்துக்கிட்ட நேரம். நான் டெல்மர் பிக்ஸோட மனைவி."

கமிஷனரின் முகத்தில் பல் மட்டும் அப்படியே இருந்தது, மற்றதெல்லாம் போய்விட்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு ஊரில் காத்திருக்கிறார்கள், இதைப் பற்றி நாம் விரிவாகப் பேச வேண்டும் என்று பொதுவாகக் காற்றிடம் சொல்லிவிட்டு நகரப் பார்த்தார்.

வழியில் கிரெய்க் நின்றுகொண்டிருந்தான், கையில் கேமராவோடு. நல்லபடியாகக் கேட்கலாம் என்று சொன்ன கிரெய்க்.

"போட்டோ பாக்கி இருக்கு சார்" என்றான். "இங்க எல்லாரும் எடுத்துக்குவாங்க. கல்லுக்குப் பக்கத்துல நில்லுங்க. இன்னும் கொஞ்சம் பக்கத்துல. எழுத்து மறையுது."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நின்றார். கிரெய்க் அவசரமே படவில்லை. ஒன்று எடுத்தான், திரையில் பார்த்தான், தலையை ஆட்டினான், இன்னொன்று எடுத்தான். அதற்கப்புறம்தான் வழிவிட்டான். கார் கதவு சாத்துகிற சத்தம் புல்வெளி வரை கேட்டது.

வெர்னா கல்லுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, தரையில் கிடந்த விரிப்பை எடுத்து மடித்தாள். ஏப்ரன் பையில் மஞ்சள் கத்தியும் இடுக்கியும் இருந்தன. காபி டப்பாவையும் அன்றைக்குக் கொண்டு வந்திருந்தாள். அதை கிரெய்க் தூக்கி அவள் முன் நீட்டினான்.

"ஒடிச்சிடலாமா? அந்த ஆள் சத்தமா வாசிச்சுட்டார். சிரிக்கவும் செஞ்சார்."

"சிரிச்சது வாசிக்கிறதுக்கு முன்னாடி. வேலை இன்னும் முடியலை" என்றாள் வெர்னா.

அவள் கத்தியை வெளியே எடுத்தாள். மழுங்கிய முனையை விளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை பார்த்தாள். பிறகு, ஒடிக்காமல், அதைக் கிர்ரென்று கைப்பிடிக்குள் இழுத்து, கத்தியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.